வசந்தகாலக் காட்டு வான்கோழி வேட்டை: எதைச் சுடுவது, எதை விட்டுவிடுவது – பென்சில்வேனியாவில் புதிதாகத் தொடங்குவோருக்கு

என் முதல் மே மாத வேட்டையின் இரண்டாம் நாள் காலையில், சுமார் 30 கெஜத் தொலைவில் தோகையை விரித்து நின்ற ஒரு வான்கோழிச் சேவலைச் சுட்டேன். அது விழுந்தது. ஆனால் அதன் பின்னால் பெரணிச் செடிகளுக்குள் நின்றிருந்த, நான் பார்க்கவே பார்க்காத இன்னொரு பறவை, ஒரு சிறகைத் தொங்கவிட்டபடி சரிவில் இறங்கி ஓடியது. நண்பகல் வரை தேடியும் அது கிடைக்கவில்லை. கையில் இருந்த பறவையைத் தூக்கிப் பார்த்தபோது, பெரிய சேவல் என்று நான் உறுதியாக நம்பியது ஒரு வயதுகூட நிரம்பாத குட்டிச் சேவல் என்பதும் தெரிந்தது. குட்டிச் சேவலைச் சுடுவது இம்மாநிலத்தில் சட்டப்படி சரிதான் என்றாலும், சுடலாமா விடலாமா என்ற முடிவை நான் எடுக்கவே இல்லை என்பதும், கண்ணில் பட்டதைச் சுட்டுவிட்டேன் என்பதும் இன்றுவரை என்னை உறுத்துகின்றன. அந்த முடிவை எப்படி எடுப்பது என்பதைப் படிப்படியாக எழுதியிருக்கிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நம்மில் பெரும்பாலோருக்கு வேட்டைப் பழக்கம் கிடையாது. அதனால் இங்கே பிறந்தவர்கள் தந்தையோடு காட்டுக்குப் போய்த் தெரிந்துகொள்வதை நாம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

1. துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் காகிதங்களை முடியுங்கள்

நீங்கள் எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். ஆகவே வரிசை மாறக் கூடாது: முதலில் பயிற்சி, அடுத்து உரிமம், அதற்குப் பிறகுதான் துப்பாக்கி. உரிமம் வருவதற்கு முன் நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதுகூடச் சட்டத்தின் பார்வையில் வைத்திருப்பதுதான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் நிலை எதுவென்பதில் சிறிது ஐயம் இருந்தாலும், குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். விசாவைப் பாதிக்கக்கூடிய விஷயத்தில் அந்தச் செலவு பெரிதல்ல.

இதில் புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. பென்சில்வேனியா உரிமத்தின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடிகிறது. ஏப்ரலில் உரிமம் வாங்கி, மே மாதம் வேட்டையாடிவிட்டு, துப்பாக்கியை அலமாரியில் பூட்டி வைத்து மறந்துவிடும் விசாதாரருக்கு ஜூலை 1 அன்று அந்த விதிவிலக்கு இல்லாமல் போகிறது. புதிய ஆண்டின் உரிமத்தை ஜூன் முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். கைபேசியில் ஒரு நினைவூட்டலை இன்றே வைத்துவிடுவது நல்லது.

முதன்முறை உரிமம் வாங்குவோர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். மாநிலத்தின் வேட்டைத் துறையான கேம் கமிஷன் நடத்தும் நேரடி வகுப்புக்குக் கட்டணம் இல்லை. 16 வயதுக்கு மேற்பட்டோர் கட்டணம் செலுத்தி இணையவழியிலும் படிக்கலாம். துப்பாக்கியைக் கையில் கொடுத்துச் சொல்லித்தரும் வகுப்பையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் சீசன் நெருங்கும்போது வகுப்புகளில் இடம் கிடைப்பது அரிது, மார்ச் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் உரிமத்தை மாநிலத்தின் இணையதளத்திலோ, உரிமம் விற்கும் விளையாட்டுப் பொருள் கடைகளிலோ வாங்கலாம். புகைப்பட அடையாள அட்டை, முகவரிச் சான்று, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். 30 நாட்களாவது இம்மாநிலத்தில் நிலையாகக் குடியிருப்பவர் உள்ளூர்வாசியாகக் கருதப்படுவார். நான் வாங்கியபோது உள்ளூர்வாசிக்குக் கட்டணம் 20.97 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 101.97 டாலர். இந்த உரிமத்தோடு வசந்தகால வான்கோழிக்கு ஒரு டேக்கும் (சுட்ட பறவையில் நிரப்பிக் கட்ட வேண்டிய சீட்டு) இலையுதிர்கால வான்கோழிக்கு ஒரு டேக்கும் கிடைக்கும். வசந்தத்தில் இரண்டாவது பறவை வேண்டுமென்றால் தனியாக ஒரு சிறப்பு உரிமம் வாங்க வேண்டும், அதையும் சீசன் தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். முதல் ஆண்டில் அது தேவையில்லை என்பதே என் கருத்து. ஒரே ஒரு டேக் கையில் இருக்கும்போது பறவையைப் பார்க்கும் பார்வையில் நிதானம் வருகிறது.

துப்பாக்கிக் கடையில் 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்ப வேண்டும். விசாதாரர் என்றால் ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) எண், செல்லுபடியாகும் வேட்டை உரிமம், தற்போதைய முகவரியுள்ள அரசு அடையாள அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். விதிவிலக்கைப் பற்றிய கேள்வியை நின்று படித்து நிரப்புங்கள், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் கையெழுத்துக்குப் பொறுப்பு நீங்கள்தான். பின்னணிச் சரிபார்ப்பு அன்றே முடியாமல் போகலாம் என்பதால் சீசனுக்கு முந்தைய வாரத்தில் கடைக்குப் போகாதீர்கள். துப்பாக்கியே வேண்டாம் என்று நினைப்பவர்கள் வில்லையோ குறுக்குவில்லையோ பயன்படுத்தலாம், ஆனால் வான்கோழியின் உயிர்நிலை மிகச் சிறியது, பயிற்சி இல்லாமல் அம்பை விடுவது பறவைக்கு இழைக்கும் தீங்கு.

2. சீசனும் நேரமும்

வசந்த சீசன் மே 1-ஐ ஒட்டிவரும் சனிக்கிழமையில் தொடங்கி மே முடிய நடக்கும். 2025-இல் அது மே 3 முதல் 31 வரை இருந்தது. முதல் பாதியில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து நண்பகல் வரை மட்டுமே வேட்டையாடலாம். பிற்பாதியில் மாலை வரை அனுமதி உண்டு. பெரும்பாலான பெட்டைகள் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கும் காலத்தைக் கணக்கிட்டே இந்தத் தேதிகள் வகுக்கப்படுகின்றன. நண்பகலில் நிறுத்துவதும் கூட்டில் இருக்கும் பெட்டையைக் கலைக்காமல் இருப்பதற்காகத்தான்.

இந்த நேர ஒழுங்கு உங்கள் முடிவையும் பாதிக்கிறது. சட்டம் அனுமதிக்கும் முதல் அரை மணி நேரத்தில் காட்டுக்குள் நிறம் தெரியாது, உருவம் மட்டுமே தெரியும். நான் இப்போது எனக்கென வைத்திருக்கும் விதி: பறவையின் தலையில் சிவப்பும் நீலமும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும் வரை துப்பாக்கியின் பாதுகாப்புப் பொத்தானில் விரல் போகாது. இதனால் இரண்டு சேவல்களை விட்டிருக்கிறேன், அதில் வருத்தம் இல்லை.

3. சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதை அதே சொற்களில் படியுங்கள்

பென்சில்வேனியாவில் வசந்தகாலத்தில் “தாடியுள்ள பறவை” மட்டுமே சுடத்தக்கது. தாடி என்பது மார்பின் நடுவிலிருந்து குதிரைமயிர்க் கற்றைபோலத் தொங்கும் மயிர்க்கொத்து. சட்டம் சேவல் என்று சொல்லவில்லை, தாடி என்று சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். சில பெட்டைகளுக்கும் தாடி உண்டு, அவற்றைச் சுடுவதும் இங்கே குற்றமில்லை. மறுபுறம், தாடி கண்ணுக்குத் தெரியாத குட்டிச் சேவலை, அது சேவல்தான் என்று தெரிந்தே சுட்டாலும் தவறு.

எல்லை தாண்டினால் கதை மாறும். அலபாமாவில் சேவலை மட்டுமே சுடலாம், தாடியுள்ள பெட்டைக்கு அங்கே பாதுகாப்பு உண்டு. மிசிசிப்பியிலும் ஆர்கன்சாவிலும் பெரியவர்கள் குட்டிச் சேவலைச் சுடுவதற்குத் தடை இருக்கிறது, சிறுவர்களுக்கு மட்டும் சலுகை. ஆகவே வேறு மாநிலத்து நண்பர் சொல்லும் விதியை நம்பி இங்கே சுடாதீர்கள். அந்தந்த ஆண்டின் விதித்தொகுப்பைப் படியுங்கள், அது உரிமம் வாங்கும்போதே கிடைக்கும்.

இன்னொன்று: வசந்தத்தில் பறவையை அழைத்து வரவழைத்துத்தான் சுட வேண்டும், பதுங்கி நெருங்கிப் போய்ச் சுடுவதற்கு அனுமதி இல்லை. மின்னணு ஒலிபெருக்கியில் அழைக்கவும் கூடாது. இது பாதுகாப்பு விதியும்கூட. நீங்கள் பதுங்கிச் செல்லும் “வான்கோழி” பெட்டைக்குரல் எழுப்பிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு மனிதராக இருக்கலாம்.

4. சேவலா, பெட்டையா

தலையில் தொடங்குங்கள். முதிர்ந்த சேவலின் தலையில் மயிர் இருக்காது. உச்சி வெளுத்தும் கன்னம் நீலமாகவும் கழுத்துச் சதை சிவந்தும் தெரியும். பறவையின் மனநிலைக்கேற்ப இந்த நிறங்கள் மாறும். பெட்டையின் தலை சாம்பல் கலந்த நீலமாக, சிறியதாக, பின்கழுத்து வழியே மெல்லிய இறகுகள் ஏறியதாக இருக்கும்.

அடுத்து மார்பு. சேவலின் மார்பிறகுகள் கறுப்பு விளிம்புள்ளவை என்பதால் உடல் முழுக்கக் கறுத்து, வெயிலில் செம்பு மினுக்கும். பெட்டையின் மார்பிறகுகளுக்கு வெளிர்பழுப்பு விளிம்பு, ஆகவே மொத்த உடலும் பழுப்பாகத் தெரியும். பெட்டை ஏறத்தாழ சேவலின் பாதி எடைதான், ஆனால் தனியாக நிற்கும்போது அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஊரில் பண்ணை வான்கோழியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் காட்டுப் பெட்டைகூட உயரமாகத்தான் தோன்றும்.

தலை நீலச் சாம்பலாகவும் மார்பு பழுப்பாகவும் இருந்து, மெலிந்த தாடி ஒன்று தொங்கினால், அது தாடிப் பெட்டை. விட்டுவிடுங்கள். மே மாதத்தில் அவளுக்கு எங்கோ ஒரு மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இருக்கக்கூடும். அடைகாப்பது 28 நாட்கள், சேவல் அதில் எந்தப் பங்கும் எடுப்பதில்லை. ஒரு சேவல் போனால் அடுத்த சேவல் வரும், அடைகாக்கும் பெட்டை போனால் அந்த ஆண்டின் குஞ்சுகள் அனைத்தும் போகும். சட்டம் அனுமதித்தாலும் இந்த ஒரு பறவையைச் சுடாமலிருப்பதில் என்னிடம் விவாதமே இல்லை.

நிறத்தை மட்டும் நம்புவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற மூன்றும் சேவலின் தலைநிறங்கள் என்பதால், அந்த நிறத்தில் தொப்பியோ கைக்குட்டையோ காலுறையோ அணிந்து காட்டுக்குப் போகாதீர்கள். அதே காரணத்தால், புதருக்கு அப்பால் ஒரு சிவப்புப் புள்ளி அசைவதையோ குரல் வருவதையோ வைத்துச் சுடாதீர்கள். தலை, மார்பு, தாடி மூன்றும் ஒரே உடலில் முழுதாகத் தெரிய வேண்டும்.

5. முழுச் சேவலா, ஜேக்கா

சென்ற கோடையில் பொரித்த சேவல் குஞ்சை இங்குள்ள வேட்டைக்காரர்கள் “ஜேக்” என்பார்கள். அடுத்த மே மாதத்தில் அது உயரத்தில் பெரிய சேவலை எட்டியிருக்கும், எனவேதான் நான் ஏமாந்தேன். வேறுபாட்டைக் காட்டுவன மூன்று.

முதலாவதும் நம்பகமானதும் தோகை விசிறி. ஜேக்கின் விசிறியில் நடு இறகுகள் மட்டும் மற்றவற்றைவிட ஓரிரு அங்குலம் நீண்டு படி கட்டியதுபோல் எழும்பி நிற்கும். முழுச் சேவலின் விசிறி ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே வளைவாக இருக்கும். ஆனால் விசிறி முழுதாக விரிந்திருக்கும்போதுதான் இதை நம்பலாம். பாதி விரித்த விசிறியும் சண்டையில் இறகு இழந்த விசிறியும் கண்ணை ஏமாற்றும். பறவை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பும் வரை காத்திருங்கள், தோகை விரித்த சேவல் எப்படியும் திரும்பும்.

இரண்டாவது தாடி. ஜேக்குக்குப் பொதுவாக 2 முதல் 5 அங்குலம், மார்பிலிருந்து முன்னோக்கி விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். முழுச் சேவலுக்கு 8 அங்குலத்துக்கு மேல் கீழ்நோக்கித் தொங்கும். வயதான சேவலின் தாடி பனியும் உறைபனிக்கட்டியும் பட்டு நுனி முறிந்திருக்கலாம் என்பதால், குட்டையான தாடியை மட்டும் பார்த்து ஜேக் என்று முடிவு செய்யக் கூடாது. நடந்துவரும் ஜேக்கின் தாடி மார்பிறகுகளுக்குள் மறைந்தே போகலாம், அப்படி மறைந்தால் சட்டப்படி அது சுடத்தக்க பறவையே அல்ல.

மூன்றாவது கால்முள். நம் ஊர்ச் சண்டைச் சேவலின் முள்ளைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. ஜேக்குக்கு அரை அங்குலத்துக்குக் குறைந்த ஒரு மொட்டு. இரண்டு வயதுச் சேவலுக்கு அரை முதல் ஒரு அங்குலம். ஒரு அங்குலத்துக்கு மேல் கூர்ந்து வளைந்திருந்தால் மூன்று வயதோ அதற்கு மேலோ. புல் உயர்ந்த இடத்தில் முள் தெரியாது என்பதால் களத்தில் இதைப் பெரிதும் நம்ப முடியாது. ஆனால் பறவை கையில் வந்த பிறகு வயதை உறுதிசெய்ய இதுவே வழி. சிறகின் வெளிக்கோடியில் உள்ள இரண்டு இறகுகளையும் பாருங்கள்: நுனி கூர்ந்து, வெள்ளைப் பட்டைகள் நுனிவரை செல்லாமல் நின்றிருந்தால் அது ஜேக்.

இவற்றைப் பார்க்க 8 மடங்கு பெரிதாக்கும் இருகண்நோக்கி ஒன்று வேண்டும். நான் முதலில் துப்பாக்கியில் பணத்தைச் செலவிட்டு இதை விட்டுவிட்டேன். இப்போது தொடங்குவதாக இருந்தால், சாதாரணமான பம்ப் ஷாட்கன் ஒன்றை வாங்கி, மிச்சத்தில் நல்ல இருகண்நோக்கியை வாங்குவேன்.

6. ஜேக்கைச் சுடலாமா

இதில் நல்ல வேட்டைக்காரர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இந்த மே மாதத்து ஜேக்தான் அடுத்த மே மாதத்தின் இரண்டு வயதுச் சேவல், காட்டில் மிக அதிகமாகக் குரல் கொடுப்பதும் அழைப்புக்கு ஓடிவருவதும் அந்த வயதுதான். இந்த ஆண்டு ஒரு மலைச்சரிவில் ஜேக்குகள் எல்லாம் சுடப்பட்டால் அடுத்த ஆண்டு அந்தச் சரிவு அமைதியாக இருக்கும். எனவே பலமுறை வேட்டையாடியவர் ஜேக்கை விட்டுவிடுவதே முறை என்று நினைக்கிறேன்.

முதன்முறை வேட்டையாடுபவருக்கு நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஜேக்கின் இறைச்சி மென்மையானது. பறவையை அழைத்து, அடையாளம் கண்டு, தெளிவாகச் சுட்டு, அறுத்துச் சமைக்கும் வரை முழுச் செயலையும் ஒருமுறை செய்து முடிப்பது பெரிய பாடம். நிபந்தனை ஒன்றுதான்: அது ஜேக் என்று தெரிந்தே சுட வேண்டும். சீசன் தொடங்குவதற்கு முந்தைய இரவே, “இந்த ஆண்டு ஜேக் வந்தால் சுடுவேன்” என்றோ “மாட்டேன்” என்றோ முடிவெடுத்து உடன் வருபவரிடம் சொல்லிவிடுங்கள். பறவை எதிரில் நிற்கும்போது இதயம் அடிக்கிற வேகத்தில் எடுக்கும் முடிவு முடிவே இல்லை. முதல் வாரத்தில் முழுச் சேவலுக்கு மட்டும் காத்திருந்து, கடைசி வாரத்தில் ஜேக்கை ஏற்பதும் நியாயமான ஏற்பாடு.

மூன்று நான்கு ஜேக்குகள் கும்பலாக வருவது வழக்கம். அது இன்னும் கவனமாக இருக்க வேண்டிய வேளை, காரணம் அடுத்த படியில்.

7. சரியான பறவையையும் விட்டுவிட வேண்டிய தருணங்கள்

ஷாட்கன் தோட்டாவிலிருந்து புறப்படும் நூற்றுக்கணக்கான ரவைகள் விரிந்து செல்லும். உங்கள் சேவலுக்குப் பக்கத்திலோ பின்னாலோ இன்னொரு பறவை நின்றால் அதுவும் அடிபடும். எனக்கு நேர்ந்தது இதுவே. குறிபார்ப்பதற்கு முன் இருபுறமும் பின்னாலும் ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள், சேவல் தனியே விலகும் வரை பொறுங்கள், விலகவில்லை என்றால் சுடாதீர்கள். பின்னணியில் சாலை, வீடு, ஆள் நடமாட்டம் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

தொலைவு 40 கெஜத்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். உட்கார்ந்ததும் சுற்றிலும் உள்ள மரங்களை வைத்து 20, 30, 40 கெஜ எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். டிகாய் எனப்படும் பொம்மை வான்கோழியை 20 கெஜத்தில் வைத்தால் அதுவே அளவுகோலாகும். சீசனுக்கு முன் காகித இலக்கில் சுட்டு, உங்கள் துப்பாக்கியும் தோட்டாவும் எந்தத் தொலைவுவரை நெருக்கமாக அடிக்கின்றன என்று பாருங்கள். இங்கே ஈய ரவை 4-ஆம் எண் ரவையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது (எண் குறையக் குறைய ரவை பெரிது). விலையுயர்ந்த டங்ஸ்டன் தோட்டாக்கள் தொலைவைக் கூட்டித் தருவதாகச் சொல்லி விற்கப்படுகின்றன, ஆனால் தொலைவு கூடும்போது அடையாளம் காணும் தெளிவு குறைகிறது என்பதை மறக்காதீர்கள்.

தோகை விரித்த சேவல் கழுத்தை உடலுக்குள் இழுத்துக்கொள்ளும், அப்போது சுட்டால் ரவை மார்பிலும் சிறகிலும் பட்டுப் பறவை காயத்தோடு தப்பிவிடும். அழைப்புக் கருவியில் மெல்ல ஒருமுறை ஒலியெழுப்பினால் தலையை நீட்டிப் பார்க்கும். தலையும் கழுத்தும் சேரும் இடம்தான் குறி.

8. இலையுதிர்காலம் வேறு கணக்கு

இலையுதிர்கால சீசனில் சேவல், பெட்டை இரண்டையும் சுட அனுமதி உண்டு, ஆனால் சீசனின் நீளம் ஒவ்வொரு வனவிலங்கு மேலாண்மைப் பகுதிக்கும் வேறுபடும், சில பகுதிகளில் சீசனே இருக்காது. உங்கள் பகுதியின் எண்ணை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முதிர்ந்த பெட்டைதான் அடுத்த ஆண்டு வெற்றிகரமாகக் குஞ்சு பொரிக்க வாய்ப்பு அதிகமுள்ளது. குஞ்சுக் கூட்டத்தை நடத்திச்செல்லும் பெரிய பெட்டையை விட்டு, அக்கூட்டத்தில் மார்பு கறுக்கத் தொடங்கிய இளம் சேவல் தனியாக நின்றால் அதை எடுப்பதே என் வழக்கம். பிரித்தறிய முடியாத அன்று வெறுங்கையோடு திரும்புவேன்.

9. சுட்ட பிறகு

பறவையை அந்த இடத்திலிருந்து நகர்த்துவதற்கு முன்பே டேக்கை நிரப்பிக் கட்டிவிடுங்கள், பேனாவும் நூலும் சட்டைப்பையில் இருக்கட்டும். வேட்டை விவரத்தைப் 10 நாட்களுக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும், இணையத்தில் ஐந்து நிமிட வேலை. காலில் உலோக வளையம் இருந்தால் அதிலுள்ள எண்ணைத் தனியாகத் தெரிவியுங்கள். கேம் கமிஷன் குளிர்காலத்தில் சேவல்களைப் பிடித்து வளையமிட்டு விடுகிறது, எத்தனை சேவல்கள் வேட்டையாடப்படுகின்றன என்பதை அந்த எண்களிலிருந்துதான் கணக்கிடுகிறது. வளையமுள்ள பறவையைச் சுடுவதில் தவறில்லை. தலையில் மருக்கள் படர்ந்து, சோர்ந்து, மனிதரைக் கண்டும் ஓடாமல் நிற்கும் பறவையை மட்டும் சுடாமல், இடத்தைக் குறித்து, வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரியான கேம் வார்டனுக்குச் சொல்லுங்கள். தவறுதலாகச் சுடக்கூடாத பறவை விழுந்துவிட்டாலும் அதேபோல் உடனே அவரை அழையுங்கள், மறைத்தால் தவறு இரண்டாகும்.

இறகு பறிப்பதற்கு முன் தாடியையும் முள்ளையும் அளந்து, விசிறியையும் வெளிச்சிறகையும் படமெடுத்து வையுங்கள். களத்தில் நீங்கள் கணித்த வயதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். இறைச்சியைச் சமையலுக்கு வெட்டி முடிக்கும் வரை டேக் பறவையோடே இருக்க வேண்டும்.